60 தட்டு, 19 வேளை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நான் பேசியதை எழுத்தில் தரும்படி செயற்குழு கேட்டுக்கொண்டது. அன்று வர முடியாதவர்களும் படித்துவிட்டுத் தங்கள் கருத்தைச் சொல்லலாம். பேசியபடியே தருகிறேன்.)



வரும் காலாண்டு விடுமுறையில் நம் பகுதி அரசு மேல்நிலைப் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் பக்கத்துக் கிராமத்தில் 7 நாள் முகாம் போடுகிறார்கள். சாப்பாட்டுப் பொறுப்பை நம் சங்கம் ஏற்றிருக்கிறது. பள்ளி தருவதும் நாம் திரட்டுவதும் சேர்த்து மொத்தம் 60,000 ரூபாய். அதற்கு மேல் கையில் எதுவும் கிடையாது.

இந்தத் திட்டம் காந்தியடிகள் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் தேதி தொடங்கப்பட்டது. உங்களில் பலர் கல்லூரி நாட்களில் இதில் இருந்திருப்பீர்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் காலையில் மண்வெட்டி பிடிப்பார்கள், ஏரிக்கரையைச் சுத்தம் செய்வார்கள், மரக்கன்று நடுவார்கள், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பார்கள். அந்த வயதில் சும்மா இருந்தாலே பசிக்கும். இவர்கள் வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து தட்டை நீட்டப்போகிறவர்கள்.

நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக யோசனைகள் வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலானவை பணம் போதாது என்ற கவலையில் எழுந்தவை. அளவுச் சாப்பாடாகப் போடலாம், முட்டையை விட்டுவிடலாம், ஆளுக்கு ஒரு வீட்டிலிருந்து சமைத்து அனுப்பலாம் என்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொன்னவைதான். வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் அடுத்தவர் பணத்தை எண்ணியவன் என்ற முறையில் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கணக்கைச் சாமான் அறையில் கறாராக வைத்துக்கொண்டால், தட்டில் கறாராக இருக்க வேண்டிய அவசியமே வராது. எப்படி என்று காட்டுகிறேன்.

முதலில் தலைக்கணக்கு. மாணவர்கள் 50 பேர் என்றதும் 50 பேருக்குச் சாமான் எழுதிவிடுகிறோம். ஆசிரியர்கள் 3 பேர். சமையல் மாஸ்டர், உதவியாளர் இருவர், ஆக 3 பேர். நம் சங்கத்திலிருந்து தினம் 2 பேர். கிராமத்திலிருந்து கூடவே நின்று உதவுகிறவர்கள் 2 பேர். மொத்தம் 60. சமைத்துப் போடுகிறவருக்கும் வழிகாட்டுகிற ஊர்க்காரருக்கும் சாப்பாடு வைக்காமல் கணக்குப் போட்டால், கடைசிப் பந்தியில் உட்காரும் நாலு பிள்ளைகளுக்குக் குழம்பு இருக்காது.

அடுத்து வேளைக்கணக்கு. 7 நாள் என்றால் 21 வேளை என்று வாய் சொல்லிவிடும். முதல் நாள் காலைச் சிற்றுண்டி வீட்டிலேயே முடிந்துவிடும். கடைசி நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆக மதியம் 7, காலை 6, இரவு 6, மொத்தம் 19 வேளை. 60 பேருக்கு 1,140 தட்டு. நம் பட்ஜெட்டுக்கு அடிப்படை இந்த எண்தான்.

இப்போது அளவு. இதில் ஊகம் வேண்டாம். பள்ளி மதிய உணவுக்கு அரசே அளவு வகுத்திருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு அரிசி 150 கிராம், பருப்பு 30 கிராம், காய்கறி 75 கிராம், எண்ணெய் 7.5 கிராம். நம் பிள்ளைகள் அதைவிடப் பெரியவர்கள், உடம்பு வளைந்து வேலை செய்கிறவர்கள். ஆகவே மதியத்துக்கு அரிசி 175 கிராம் என்று வைத்திருக்கிறேன். 60 பேருக்குப் பத்தரை கிலோ. பருப்பு அதே 30 கிராம், அதாவது 1 கிலோ 800 கிராம். காய்கறி சாம்பாருக்கு 50 கிராம், பொரியலுக்கு 100 கிராம் என்று 9 கிலோ.

காலைக்கு ரவை உப்புமா என்றால் தலைக்கு 80 கிராம் ரவை, 4 கிலோ 800 கிராம். வெண்பொங்கல் என்றாலும் அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்து அதே அளவுதான், மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு. மாலைச் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை தலைக்கு 50 கிராம், 3 கிலோ. முதல் நாள் இரவே ஊறப்போட மறக்கக் கூடாது. டீக்கு ஒரு வேளைக்கு 5 லிட்டர் பால், 2 லிட்டர் தண்ணீர்.

சப்பாத்தி போடலாமே என்று சில தாய்மார்கள் கேட்டார்கள். ஆளுக்கு 4 என்றால் 240 சப்பாத்தி. திரட்டி, சுட்டு, சூடாகப் பரிமாற வேண்டும். இரண்டு உதவியாளர்கள் சாயங்காலம் முழுக்க அதிலேயே நிற்பார்கள், கேஸும் நின்று எரியும். வேண்டாம். இட்லி இரண்டு நாள் போதும். 240 இட்லிக்கு அரிசி மட்டும் 6 கிலோவுக்கு மேல் அரைக்க வேண்டும். கிராமத்தில் மாவு அரைத்துக் கொடுக்கும் இடத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் பொங்கல், உப்புமா, சேமியா கிச்சடி. இரவுக்குத் தக்காளி சாதம், கோதுமை ரவை உப்புமா, அரிசி உப்புமா, எலுமிச்சை சாதம் என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரே பெரிய பாத்திரத்தில் முடிகிற சமையலாக இருக்க வேண்டும்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். நம் கடைத்தெரு விலையை விசாரித்துப் போட்ட பட்டியல் இது. மளிகை 17,000. காய்கறி, பழம், தேங்காய் 7,500. பால், தயிர் 5,500. முட்டை 2,500. சமையல் கூலி 16,000. கேஸ் 4,000. பாத்திர வாடகையும் குடிநீர் கேனும் 4,500. கூட்டினால் 57,000. மீதி 3,000 கைக்காவல். அதாவது நூற்றுக்கு ஐந்து. மழை வந்து காய்கறி விலை ஏறினாலோ, பால் ஒரு நாள் திரிந்தாலோ கைகொடுக்க அந்த 3,000. மற்றபடி அதைத் தொடக் கூடாது. வண்டிச் செலவுக்கு நான் எதுவும் ஒதுக்கவில்லை. கார் வைத்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு நாள் ஓட்டுவார்கள் என்று நம்பித்தான் ஒதுக்கவில்லை.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூன்று யோசனைகளையும் பார்ப்போம்.

முதல் யோசனை, அளவுச் சாப்பாடு. ஒவ்வொருவர் தட்டிலும் ஒரு பிடி, அதாவது 25 கிராம் அரிசி குறைத்தால் எவ்வளவு மிச்சம்? ஒரு மதியத்துக்கு ஒன்றரை கிலோ. 7 மதியத்துக்குப் பத்தரை கிலோ. கிலோ 55 ரூபாய் என்றால் 600 ரூபாய்கூட வராது. 60,000 ரூபாயில் 600 ரூபாய், நூற்றுக்கு ஒன்று. அந்த 600 ரூபாய்க்காக, இன்னும் கொஞ்சம் சாதம் கேட்கிற பிள்ளையிடம் "அவ்வளவுதான்ப்பா" என்று சொல்ல நம்மில் யாருக்கு வாய் வரும்? சில பிள்ளைகள் இரண்டாவது முறை கேட்கவே கூச்சப்படுவார்கள். வீட்டு நிலைமை அப்படிப் பழக்கியிருக்கும். ஆகவே பரிமாறுகிறவர் கேட்காமலே இரண்டாவது முறை வரிசையாகச் சுற்றி வர வேண்டும். "யாருக்கு வேணும்" என்று உரக்கக் கேட்பதும் ஒரு வகையில் தடுப்பதுதான். சாதம், சாம்பார், ரசம், மோர் நாலுக்கும் கட்டுப்பாடு கிடையாது. எண்ணி வைப்பது முட்டையும் வாழைப்பழமும் மட்டும்.

இரண்டாவது, முட்டை. இதைக் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். என் வீட்டில் முட்டை சமைப்பதில்லை. நம் குடியிருப்பில் பல வீடுகளில் அப்படித்தான். நாம் நடத்தும் சமையலில் முட்டை வேண்டாம் என்று சிலருக்குத் தோன்றுவது எனக்குப் புரிகிறது. ஆனால் சாப்பிடப்போவது நாம் இல்லை. காமராஜர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1இல் சத்துணவுத் திட்டமாக அதை விரிவாக்கினார். பின்னால் வந்த ஆட்சிகள் முட்டையைச் சேர்த்தன. இன்று சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்குப் பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். யார் மனமும் புண்படாமல் இத்தனை வருடம் நடக்கிற ஏற்பாடு. நாமும் அதையே செய்வோம். 6 மதியத்துக்கு 360 முட்டை, 2,500 ரூபாய். மொத்தத்தில் நூற்றுக்கு நாலு சொச்சம். அந்தப் பணத்துக்கு இதைவிடச் சத்தாக, இவ்வளவு சுலபமாகச் சமைக்கக்கூடியது எனக்குத் தெரிந்து வேறு இல்லை. தனிப் பாத்திரத்தில் வேகட்டும், தனியாகப் பரிமாறட்டும். மனம் ஒப்பாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம், பொரியல் பக்கம் நிற்கலாம். பிள்ளையின் தட்டிலிருந்து எடுக்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

மூன்றாவது, வீட்டிலிருந்து சமைத்து அனுப்புவது. விசேஷங்களில் மீந்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். இதற்கு நேராகவே வேண்டாம் என்கிறேன். சமைத்த சோறு வெளியில் நெடுநேரம் கிடந்தால் அதில் பேசிலஸ் செரியஸ் என்ற கிருமி பெருகும். அதன் வித்துகள் கொதியிலும் சாகாமல் தங்கிவிடும். அது உண்டாக்கும் நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. பார்க்க நன்றாக இருக்கும், வாசனையும் வராது. 20 வீடுகளிலிருந்து 20 பாத்திரம் வந்தால் எது எப்போது வடித்தது என்று யார் சொல்வது? 50 பிள்ளைகளின் பெற்றோர் நம்மை நம்பி அனுப்புகிறார்கள். அங்கேயே சமைத்து, இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். மதியச் சோறு இரவுக்கு வரக் கூடாது. தேங்காய்ச் சட்னியைப் பந்திக்குச் சற்று முன்னால் அரைத்தால் போதும். பள்ளிச் சத்துணவில் பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. முகாமிலும் ஒவ்வொரு வேளையும் ஓர் ஆசிரியரும் நம்மில் ஒருவரும் முதலில் சாப்பிட்டுப் பார்த்த பிறகே பந்தி.

அப்படியானால் மிச்சம் எங்கே பிடிப்பது? இதைத்தான் சாமான் அறையில் என்றேன்.

வங்கியில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி உண்டு. இரண்டு பேர் கையில் இருக்கும். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம் என்பதால் அல்ல, யார் மேலும் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக. முகாமில் சாமான் அறைக்கும் இரண்டு பூட்டு போடுவோம். ஒரு சாவி ஆசிரியரிடம், ஒன்று நம் சங்கத்தாரிடம். ஒவ்வொரு வேளைக்கும் வேண்டியதை எடைபோட்டு மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் பூட்டிவிட வேண்டும். எண்ணெய் டின் அடுப்பு பக்கத்திலேயே இருந்தால் எவ்வளவு ஊற்றினோம் என்று யாருக்கும் தெரியாது. அளந்து கொடுத்தால் நல்ல மாஸ்டர் அதற்குள் சமைத்துக் காட்டுவார். நாள் ஒன்றுக்குத் தலைக்கு 25 மில்லி, மொத்தம் ஒன்றரை லிட்டர் எண்ணெயில் எல்லாம் அடங்கும்.

முதல் நாள் மதியம் பத்தரை கிலோ வடித்து, மீந்ததை எடைபோடுங்கள். ஒரு கிலோ அரிசி வடித்தால் சுமார் இரண்டரை முதல் மூன்று கிலோ சோறு வரும். ஆகவே மூன்று கிலோ சோறு மீந்தால் மறுநாள் ஒரு கிலோ அரிசி குறைக்கலாம். பற்றவில்லை என்றால் கூட்டலாம். இரண்டாம் நாளுக்குள் இந்தப் பிள்ளைகளின் பசி என்ன அளவு என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வீணாவது குறைந்துவிடும்.

காய்கறியை 7 நாளுக்கும் மொத்தமாக வாங்க வேண்டாம். வெங்காயம், உருளை, சேனை, பூசணி இருக்கும், அவற்றை முதலிலேயே வாங்கிவிடலாம். கீரை, தக்காளி, கத்தரி, பீன்ஸ் இரண்டு நாளைக்கு ஒரு முறை காலையில் உழவர் சந்தையில் வாங்கலாம். எந்தக் காய் மலிவோ அன்றைக்கு அந்தக் காய்தான் பொரியல். மெனுவில் காயின் பெயரை எழுதாமல் பொரியல் என்று மட்டும் எழுதியிருப்பது அதனால்தான். மளிகையைச் சில்லறைப் பாக்கெட்டில் வாங்காமல் மொத்தக் கடையில் ஒரே பில்லில் வாங்குவோம். பிரிக்காத மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

கேஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. யாரும் வீட்டு சிவப்பு சிலிண்டரைத் தர வேண்டாம். அது வீட்டுச் சமையலுக்கு மட்டும் என்பது விதி. 19 கிலோ வணிக சிலிண்டர் இரண்டு எடுப்போம். பருப்பை ஊறவைத்து வேகவைத்தால், பாத்திரத்தை மூடிவைத்தால், காயை எல்லாம் நறுக்கி முடித்த பிறகே அடுப்பைப் பற்றவைத்தால், இரண்டு சிலிண்டர் போதும்.

கூலியில் மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். அதிகாலை நாலரைக்கு எழுந்து இரவு ஒன்பது வரை அடுப்படியில் நிற்கிறவர்கள். பேசிய கூலியைக் குறைக்காமல், தினம் மாலையில் அன்றைய பங்கைக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

மாணவர்களும் சமையலில் சேருவார்கள், முகாமின் நோக்கமே அதுதான். ஐந்து அணி, அணிக்குப் பத்துப் பேர். காய் நறுக்குவது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, தண்ணீர், கணக்கு என்று தினம் மாறி வரும். காய் நறுக்குவது மாணவிகளுக்கு, தண்ணீர் தூக்குவது மாணவர்களுக்கு என்று பிரிக்க வேண்டாம். எல்லாரும் எல்லாம் செய்யட்டும். ஒன்றே ஒன்றுக்குத் தடை. கொதிக்கும் அண்டாவையும் வடிக்கிற கஞ்சியையும் எந்தப் பிள்ளையும் தொடக் கூடாது. அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவோம். கயிற்றுக்கு உள்ளே மாஸ்டரும் உதவியாளர்களும் மட்டும்.

கணக்கு அணியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. காமர்ஸ் படித்தவன் இல்லையா! இந்தப் பிள்ளைகளில் பலர் குறிப்பேடு, பேரேடு, ரொக்க ஏடு எல்லாம் பாடமாகப் படிக்கிறார்கள். புத்தகத்தில் வருகிற வியாபாரி என்றைக்கும் நிஜமாக அரிசி வாங்கியதில்லை. இங்கே நிஜ பில், நிஜ சரக்கு, நிஜ இருப்பு. தினம் இரவு கையிருப்பை எண்ணி, ரொக்க ஏட்டோடு டேலி செய்து, முகாம் பலகையில் அவர்களே எழுதட்டும்: இன்று செலவு இவ்வளவு, ஒரு தட்டுக்கு இவ்வளவு, கையில் மீதி இவ்வளவு. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். சங்கத்துக்குப் பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பலகைதான் ரசீது.

அதே பலகையில் நன்கொடையாளர் பெயர் எழுதலாமா என்று கேட்டார்கள். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து 'உபயம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள்தானே நாம்? பிள்ளைகள் சாப்பிடுகிற இடத்தில் யார் பெயரும் வேண்டாம். இந்தச் சாப்பாட்டுக்காக எந்த மாணவரிடமும் பணம் வாங்கவும் வேண்டாம். கொடுக்க முடிந்தவர், முடியாதவர் என்று அங்கேயே இரண்டு வரிசை உண்டாகிவிடும். தட்டும் டம்ளரும் மட்டும் ஒவ்வொருவரும் கொண்டுவரட்டும். மறந்து வந்தவர்களுக்காகப் பத்து தட்டு நாம் எடுத்துப் போவோம். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது, யார் என்ன மருந்து எடுக்கிறார்கள் என்பதைப் பெற்றோரிடமிருந்து முன்பே எழுதி வாங்கித் தரும்படி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களிடம் எனக்கு வேண்டியது மூன்று. ஒன்று, தினம் 2 பேர் என்று 7 நாளுக்கு 14 பேர் தேவை. காலை ஆறு மணிக்குக் கிளம்பி இரவுப் பந்தி முடித்துத் திரும்பலாம். வயது ஒரு தடை இல்லை, எடைபோடவும் எழுதவும் தெரிந்தால் போதும். இரண்டு, காரும் ஓட்டுநருமாக 7 பேர். மூன்று, மேலே சொன்ன மூன்று யோசனைகளிலும் உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் இந்த மாதக் கடைசிக்குள் செயற்குழுவிடம் சொல்லிவிடுங்கள். விவாதம் எல்லாம் இங்கே, நம் ஹாலில் முடிந்துவிட வேண்டும். அங்கே பந்தி நடக்கும்போது எதைப் போடலாம், எவ்வளவு போடலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டு நிற்பதைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் உள்ள நோட்டில் எழுதலாம். முதல் இரண்டு நாளுக்கு என் பெயரை எழுதிவிட்டேன். தராசையும் நானே கொண்டுவருகிறேன்.